பெட்டகத்துக்குள் ஒரு பிலிம் சுருள்

சாராளின் கை சும்மா இருந்ததை அவள் புருஷன் ஜோசப் கலியாணமான ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு தரம்தான் பார்த்திருக்கிறான். அன்றைக்கு அவளுக்குச் சுரம் நூற்றுநான்கு. மற்ற நாளெல்லாம் அகப்பட்டதைத் திருகிக்கொண்டே இருப்பாள். அவளைக் கண்டதும் கும்மிடிப்பூண்டி பஜாரில் லாந்தர்த் திரிகள் தாமாகவே கீழே இறங்கிவிடுமாம்.

ஆனாலும் ஜோசப்பின் போட்டோக் கடைக்கு அவள் வேண்டியிருந்தது. பழவேற்காட்டு மரக்காயர் வீடுகளில் பெண்கள் வேற்று ஆணின் கேமரா முன்னால் உட்காருவதில்லை; அங்கே படம் எடுப்பது சாராள்தான்.

ஐம்பத்துநான்காம் வருஷம், சித்திரை வெயிலில், சாராள் கேமராவோடு அங்கே குல்சும் வீட்டுக்குப் போனாள். மருமகள் கமர் நிஷா பினாங்கிலிருக்கும் புருஷனிடம் போக பாஸ்போர்ட் படம் வேண்டும். மத்தியானத் தொழுகை முடிந்ததும் கொழுந்தன் முஸ்தபா பிலிமோடு கால்வாய்ப் படகில் பட்டணம் கிளம்புகிறான். அவளை அனுப்பச் சம்மதிக்க மாமியார் குல்சுமுக்கு நாலு வருஷம் பிடித்தது. மனசு மாற நாலு நாழிகை போதும்.

“மொதல்ல என்னிய எடு,” என்று குல்சும் ஆறு கோணத்தில் உட்கார்ந்துகொண்டாள். அப்புறம்தான் கமர் நிஷாவின் முறை.

சாராளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு படம் எடுத்ததும் வலப்பக்கக் குமிழைத் திருகினால், அடுத்த படத்துக்கான இடம் வந்து தானாக நின்றுவிடும். குல்சுமின் ஆறாவது படம் முடிந்து, அது நின்ற பிறகும் அவள் விரல் நெருக்கியது. உள்ளே ‘கிர்ர்’ என்றது. மறுபடி திருகினாள். பிலிம் நகர்ந்தால் கூடவே சுற்ற வேண்டிய இடப்பக்கக் குமிழ் அசையவேயில்லை. பிலிம் ஓரத்துத் துளைகள் கிழிந்துவிட்டன. இனி எத்தனை படம் எடுத்தாலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில்தான் விழும். வெளிச்சத்தில் திறந்தாலோ குல்சுமின் ஆறு கோணமும் போச்சு, அதோடு பினாங்கும் போச்சு. மாற்றுச் சுருளும் இல்லை.

“இன்னா, மூஞ்சி தொங்கிப்போச்சி?” என்றாள் குல்சும்.

“ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் இருட்டு வேணும்.”

“உச்சி வெயில்ல இருட்டுக்கு எங்க போறது?”

கமர் நிஷா மட்டும் விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டாள். “மாமி, ஒங்க சீர்ப் பெட்டகம்!”

தேக்குப் பெட்டகத்தைக் காலி செய்து, சாராள் கேமராவோடு உள்ளே மடங்கினாள். மேலே மூடி, அதன்மேல் நாலு பஞ்சு ரஜாய்ப் போர்வை. கற்பூர உருண்டை வாடை மூக்கை அடைத்தது. கை முதன்முறையாக நிதானித்தது. பின்மூடியைத் திறந்து விரலால் தடவினாள்; பெருச்சாளி கடித்த மாதிரி ஓரம் பிய்ந்திருந்தது. நாலு விரற்கடை முன்னே இழுத்து, முழுத் துளைகளைப் பல்சக்கரத்தில் பொருத்தினாள். நழுவியது. மறுபடி பொருத்தினாள். வெளியே மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது.

“உசுரோட இருக்கியாடி?”

“பேசாதக்கா, பல்லுல ஏத்திக்கினு இருக்கேன்!”

கேமராவை மூடியதும் திருகினாள். இடப்பக்கக் குமிழ் விரலடியில் மெல்லச் சுற்றியது.

தலையில் ரஜாய்ப் பஞ்சோடு எழுந்தவளைப் பார்த்து கமர் நிஷா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“பல்லைக் காட்டுனா கப்பல்ல ஏத்த மாட்டான், புள்ளே!” என்று அதட்டினாள் குல்சும். கமர் நிஷா சிரிப்பை அடக்கி வாயை மூடிய நொடியில் சாராள் அமுக்கினாள். சுருளை டப்பிக்குள் சுற்றியெடுத்து முஸ்தபாவிடம் சேர்த்தபோது படகுக்காரன் கழியை ஊன்றிவிட்டிருந்தான்.

ஆவணியில் கமர் நிஷா கப்பலேறினாள். பாஸ்போர்ட்டில் அவள் கன்னம் இரண்டும் வெல்லக்கட்டி அடக்கிய மாதிரி உப்பியிருந்தன. குல்சுமின் ஆறு படமும் பழுதில்லை. ஜோசப் மட்டும் ஒரு காலிப் பிலிம் சக்கரத்தை நூலில் கோத்து, பெண்டாட்டி கழுத்தில் மாட்டிவிட்டான்.

“திருகணும்னா இத்தத் திருகு.”