எதிர்வீட்டுச் சாட்சி

போன புதன்கிழமை, காலை பத்து ஐம்பது. தாலுகா ஆபீஸ் விசாரணையில் முருகாயியோடு உட்கார்ந்திருந்தேன். மனு எழுதிக் கொடுத்தவன் நான். நாள், நேரம் பிசகாமல் எழுதுவேன் என்று ஊரில் ஒரு பெயர்!

முருகாயி எங்கள் கம்பம் ஊர்க்காரர். வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்கு நேராக ‘குடிபெயர்ந்தவர்’ என்று போட்டு, நீக்கப்போவதாக நோட்டீஸ் வந்திருந்தது. பிறந்ததிலிருந்து அதே தெருவில் இருப்பவர்... எங்கே குடிபெயர்வார்?

முருகாயி ஒரு கட்சி; எதிர்வீட்டுச் செல்லத்துரை வேறு கட்சியின் பூத் ஏஜென்ட். தெருவில் கட்சிக் கொடிக்கம்பம் நடுவதில் வந்த சண்டைக்குப் பிறகு இரு வீட்டுக்கும் வசவைத் தவிரப் பேச்சில்லை. ‘செல்லத்துரையின் வேலை’ என்று தெருவே சொன்னது. விசாரிக்காமல் நானும் நோட்டில் அப்படியே எழுதினேன்.

பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சர் வெளியூர்க்காரர். அதிகாரி கேட்டதும் தன் குறிப்பேட்டைப் பிரித்தார்.

“மூணு தடவை போனேன் சார். மூணு தடவையும் வீடு பூட்டியிருந்துச்சு.”

“எத்தனை மணிக்கு?”

“பதினோரு மணி... மூணு நாளும்.”

“அக்கம்பக்கத்துல யாராவது சாட்சி சொல்வாங்களா?”

நான் நாலு தெரு தள்ளி இருப்பவன். என் சாட்சி செல்லாது. பின்வரிசையில், கட்சி சார்பில் வந்திருந்த செல்லத்துரை எழுந்தார். போச்சு என்று நினைத்தேன்.

“எதிர்வீடு என்னுது சார். விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஏலக்காத் தோட்டத்து ஜீப்பு வந்து ஆரன் அடிக்கும். இவுக மலையேறிக் கேரளாவுக்கு வேலைக்குப் போவாக. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து இறங்குனதும் மொத வேலையா என்னைத்தான் வைவாக. ஊரை விட்டுப் போயிருந்தா நானே வெடி போட்டிருப்பேனே!”

ஆபீஸே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. “பகல்ல மட்டுமே போனது என் தப்பு சார்” என்றார். செல்லத்துரை சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ‘பெயர் நீடிக்கிறது’ என்று அதிகாரி எழுதியபோது மணி பதினொன்று இருபது. என் நோட்டில் இருந்த அந்த வரியை அங்கேயே அடித்தேன்.

எவ்வளவு சின்ன விஷயங்கள்... ஒரு நோட்டீஸ், ஒரு விசாரணை, தப்பை ஒப்புக்கொண்ட ஒரு டீச்சர். டிவி விவாதங்களைப் பார்த்து நாடே உடைந்துவிட்டது என்று பயந்திருந்த எனக்கு, அப்போதுதான் மூச்சு சீரானது.

வெளியே வந்ததும் முருகாயி விடவில்லை.

“ஏலே செல்லத்துரை, நீ சாட்சி சொன்னதுக்காக என் ஓட்டு ஒனக்கு விழும்னு நெனைக்காத.”

“யாரு கேட்டா மதினி? ஒங்க பேரை அடிச்சுட்டு நாங்க செயிச்சோம்னு வைங்க, தெருவுல ஒரு பய மதிப்பானா? நீங்க போடுங்க. நாங்க அதுக்கு மேல வாங்கிச் செயிக்கிறோம்.”

“கிழிப்ப!” என்றார் முருகாயி. இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள் — ஆளுக்கொரு ஓரமாக.

கட்சிச் சண்டை தாராளமாகப் போடுங்கள். ஆனால் எதிர்வீட்டுக்காரரோடு போடுங்கள். நாம் இங்கேதான் இருக்கிறோம் என்பது அவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும்!