நகப்பாலிஷ் வைத்த திருகு

எண்பதுகளின் கடைசியில் தர்மபுரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தினேன். இருந்தது ஒரே மெஷின். பதினாறு பேர் முறைபோட்டு அதில் படித்தார்கள். அடுத்த தெருவில் இன்னொருவன் சென்டர் திறந்து, தன் மெஷின் பத்து மெகாஹெர்ட்ஸ் என்று போர்டு வைத்தான். எங்களுடையது எட்டு. முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாக்கு என்று என்னை நச்சரித்தார்.

வேகத்தை முடிவு செய்வது கிரிஸ்டல் என்கிற சின்னத் தகர டப்பி. அதைப் பிடுங்கிவிட்டு வேகமானதைப் பற்றவைத்தேன். மெஷின் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நின்றது. அந்த வேகத்துக்கு ஐந்து வோல்ட் போதவில்லை. வோல்ட்டைக் கூட்டவும் குறைக்கவும் பவர் சப்ளையில் ஒரு திருகு உண்டு. மீட்டரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஐந்தே காலுக்குச் சற்றுக் கீழே மெஷின் நிற்காமல் ஓடியது. ரொம்ப மேலே போனால் சிப் வெந்துவிடும். அதனால் திருகின் தலையிலிருந்து பக்கத்து பிளாஸ்டிக் வரை நகப்பாலிஷால் ஒரு கோடு இழுத்தேன். யாராவது திருப்பினால் கோடு உடையும். அண்ணியிடம் வாங்கிவந்த சிவப்புப் பாலிஷ். மெஷினுக்கு எப்போது கல்யாணம் என்று முதலாளி கேட்டார்.

அதோடு என் நிம்மதி போனது. பாடத்தின் நடுவிலேயே மூடியைத் திறந்து பிராசஸர் சிப் மேல் விரலை வைத்துப் பார்ப்பேன். வீட்டுக்குப் போக மொரப்பூர் பஸ்ஸில் உட்கார்ந்தாலும் விரல் நுனியில் அந்தச் சூடு இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை நான் போனபோது வகுப்பே வெளியில் நின்றது. மெஷின் செத்துவிட்டது. நான் கண்டதையும் நோண்டிக் கெடுத்துவிட்டேன் என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தார். சின்ன ஊர். இந்தப் பேர் ஒட்டிக்கொண்டால் வேறு எந்த சென்டரும் என்னைச் சேர்க்காது.

மூடியைக் கழற்றினேன். கோடு உடைந்திருந்தது. பாதி பிளாஸ்டிக்கில் இருந்தது, பாதி திருகுடன் அரைச்சுற்று தள்ளிப் போயிருந்தது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சார், இத திருப்புனது யாருங்க?"

முதலாளி ஒளிக்கக்கூட இல்லை. எனக்கு அதுதான் எரிச்சல். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர். "கரண்டு கம்மியா வந்தா மோட்டாரு இழுக்காதும்மா. வோல்ட்டு ஏறுனா தண்ணி பிச்சிக்கிட்டு ஊத்தும். அந்த மாதிரி இதோட வேகமும் பன்னெண்டுக்கு போவும்னு பாத்தேன்."

"இது கெணத்து மோட்டாரு இல்லீங்க. வேகம் கிரிஸ்டல்ல இருக்குது. வோல்ட்ட ஏத்துனா சூடுதான் ஏறும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் முகம் மாறியது. "யாரு திருப்புனா என்ன? வேற சிப்பு போடும்மா."

"போடறேங்க. நான்தான் கெடுத்தேன்னு சொன்னீங்கல்ல, அத மொதல்ல மாத்திச் சொல்லுங்க."

டீ சொல்லப் போகிறவர்போல் வெளியே போய்விட்டார். நான் ஸ்க்ரூடிரைவரைத் தொடவில்லை. மூன்று நாள் வந்து பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "நாந்தான் திருப்புனேன்" என்றார். பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. கேட்டவர்கள் போதும்.

புது சிப் போட்டேன். அவரைக் கேட்காமலே பழைய கிரிஸ்டலையும் திரும்ப வைத்து, எட்டிலேயே ஓடவிட்டேன். வோல்ட்டை ஐந்துக்கு இறக்கித் திருகின்மேல் மறுபடி கோடு இழுத்தேன். இந்த முறை தடியாக.