செத்த வீட்டில் கண்ணுக்கு மருந்து விட்டது

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. எழுத்து மட்டும் எங்கிருந்து வரும் என்று நீங்கள் கேட்டால் அது நியாயம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன்னிச்சையில் எங்களுக்கு வயல். வெயிலிலும் காற்றிலும் நெல் தூசிலும் கிடந்த கண் என்னுடையது. மூக்குப் பக்கத்து வெள்ளையில் ஒரு சதை வளர்ந்து கருவிழிமேல் ஏறத் தொடங்கியது. கண்ணுக்குள் எந்நேரமும் உமி கிடப்பதுபோல் உறுத்தும். கடைசியில் மட்டக்களப்புக்குப் போய் அதை வெட்டினேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் தெளிவாகச் சொன்னார். "சதைய எடுத்தாச்சு. ஆனா உங்கட கண் காய்ஞ்ச கண். கண்ணீர் கண் முழுக்கப் பரவி நிக்குதில்ல. சதையால அது இன்னும் மோசமாப் போயிருக்கு. வெட்டின உடன சரிவராது, கொஞ்ச நாளைக்குக் கூடவும் உறுத்தும். இந்த மருந்த விட்டுக்கொண்டே இருங்க. புகை, தூசு கூடாது. கறுப்புக் கண்ணாடியக் கழட்டாதீங்க."

இதை வீட்டில் வந்து சொன்னேன். "வெட்டியாச்சுத்தானே, இனி என்ன மருந்து?" என்றார் என் வீட்டுக்காரர். பல்லைப் பிடுங்கியதுபோல எல்லாம் அன்றோடு முடிந்துவிட வேண்டும் அவருக்கு.

புண் ஆறுவதற்குள் மாமி, என் வீட்டுக்காரரின் தாய், இறந்துபோனார். எங்கள் பக்கத்தில் தாய் மகளோடுதான் இருப்பார். மகள், அதாவது என் மச்சாள், டவுனில் வீடு சின்னது என்று சொல்லிவிட்டதால் படுக்கையில் விழுந்த மாமியை நாங்கள் கொண்டுவந்தோம். கழுவித் துடைத்ததும் கஞ்சி பருக்கியதும் நான். ஒரு கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தபோதும் நான்தான். மூச்சு நின்ற நேரம் பக்கத்தில் என்னைத் தவிர ஆளில்லை. கத்தி அழுதேன். அதை ஒருவரும் பார்க்கவில்லை.

செத்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணையும் கட்டிப்பிடித்துப் புதிதாக அழ வேண்டும். அதுதான் எங்கள் முறை. பிரேதத்தின் தலைமாட்டில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. என் கண் நெருப்பாக எரிந்தது, ஒரு சொட்டும் வரவில்லை.

"என்னகா இது, செத்த வீட்டில கறுப்புக் கண்ணாடி? படம் நடிக்கப் போறியா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

தாங்க முடியாமல் கிணற்றடிக்குப் போய் முகத்தை நிமிர்த்தி, மருந்துப் போத்திலைக் கவிழ்த்துக் கண்ணில் சொட்டு விட்டேன். கன்னத்தில் வழிந்தது. திரும்பினால் மச்சாள் நிற்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே உள்ளே போய்,

"வந்து பாருங்ககா! எங்கட அம்மாவுக்கு மருமகள் போத்திலால அழுறா!" என்றார்.

"எனக்கும் ஒண்டு வாங்கித் தரச் சொல்லுகா, தொண்டையாவது மிஞ்சும்" என்றது ஒரு குரல். பிரேதத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

நான் மருந்தைச் சேலைக்குள் ஒளித்தேன். அதன்பிறகு விடவில்லை. இமைக்கும்போதெல்லாம் கண்ணுக்குள் மணல் தேய்த்ததுபோல் இருந்தது. மாமி படுக்கையில் கிடந்த காலத்தில் தலைகாட்டாத ஒருத்தி, வந்து அரை நாள்கூட ஆகாமல் என் கண்ணீருக்குக் கணக்குக் கேட்கிறாள். அவளுக்குப் பயந்து, வெட்டுக்காயம் ஆறாத கண்ணை நான் கெடுத்துக்கொள்கிறேன். எனக்கே என்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

பெட்டியை மூட ஆட்கள் வந்தார்கள். நான் மாமியின் தலைமாட்டில் போய் இருந்து, கண்ணாடியைக் கழற்றி, எல்லோர் முன்னாலும் மருந்தை விட்டேன். பாதி மூக்கில் விழுந்தது.

"மச்சாள், இது காய்ஞ்ச கண்ணுக்கு விடுற மருந்து. மாமிக்கு அழ எனக்குப் போத்தில் தேவல்ல. அந்த அழுகை நீங்க வராத நாளெல்லாம் அழுதாச்சு."

"மெல்லப் பேசுங்ககா, சனம் பார்க்குது" என்றார் மச்சாள்.

"சனம் பார்க்கத்தான் விட்டன்."

பக்கத்து வீட்டுக்காரி எழுந்து சாம்பிராணிச் சட்டியை வெளியே கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாள் வீட்டைக் கழுவினோம். மச்சாள் காலை பஸ்ஸில் டவுனுக்குப் போனார். என் கண் சிவந்து வீங்கியிருந்தது. கிளினிக்குக்குப் போனேன்.