நீல நாடாவும் நூற்றெண்பத்தாறும்

ஜோஸ்பின் ஊசி குத்தினால் வலிக்காது என்று விருத்தாசலத்தில் பேர். பாலக்கரைப் பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்குப் பதினாலு வருஷமாக வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு கை நீட்டுகிறவர்கள் "குத்திட்டியாம்மா?" என்று கேட்பதற்குள் பஞ்சை வைத்து மடக்கிவிடுவாள். வலிக்கட்டும் என்றே அவள் குத்தியது ஒரே ஒருவரை. பீங்கான் பட்டறை முதலாளி அருளானந்தம்.

அவருடைய சூளையில்தான் அவள் புருஷன் அகஸ்டின் வேலை பார்த்தான். 2004இல் சூளைக்குள் அடுக்கு சரிந்து மேலே விழுந்து செத்துப்போனான். அடுக்கைத் தாங்கிய இரும்பு துருப்பிடித்து ஒரு வருஷமாகிறது என்று பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். விசாரிக்க வந்தவர்களிடம் அருளானந்தம் அதைச் சொல்லவில்லை. தினமும் குடிக்கிறவன், அன்றைக்கும் குடித்துவிட்டுத்தான் வந்தான் என்றார். அதோடு முடிந்தது.

அவர்கள் பங்குக் கோயிலில் மதுவிலக்கு சபை ஒன்று உண்டு. சத்தியம் பண்ணிச் சேர்ந்தவர் இறந்தால் சவப்பெட்டிமேல் நீல நாடா கட்டி அனுப்புவார்கள். அடக்கம் ஆனபின் அதே நாடா கல்லறைச் சிலுவையில் ஏறும். அகஸ்டின் கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவன். ஆனால் சபைத் தலைவர் அருளானந்தம். குடிகாரனுக்கு நாடா கிடையாது என்றுவிட்டார். ஊர் பார்க்க, பெட்டி வெறுமையாகப் போனது.

அவன் சாவதற்கு ஐந்து நாள் முன்புதான் பரிசோதனை நிலையத்துக்குப் புது மெஷின் வந்திருந்தது. அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஜோஸ்பின் முதலில் எடுத்தது புருஷனுடைய ரத்தத்தை. ஐம்பதுக்குள் இருக்கவேண்டிய, தினம் குடிக்கிறவர்களுக்கு ஏறிக்கிடக்கும் ஜி.ஜி.டி. என்கிற அளவு அவனுக்கு வெறும் இருபத்திரண்டு. அந்தத் தாளோடு அருளானந்தத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் கையில்கூட வாங்கவில்லை.

"ரத்தம் வந்து சாட்சி சொல்லுமாம்மா? போயி புள்ளைங்களப் பாரு."

மூன்று வருஷம் கழித்து அவருடைய ரத்தமே அவள் மேசைக்கு வந்தது. ஜி.ஜி.டி. நூற்றெழுபது. சிவப்பணுக்கள் பருத்திருந்தன. நல்ல கொழுப்புகூட வழக்கத்துக்கு மேல் ஏறியிருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள்.

ஆறு வாரத்தில், அக்டோபர் கடைசி நாள், மறுபரிசோதனைக்கு வந்தவர் ஆள் இல்லாத நேரம் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். தன் பட்டறை ஜாடியிலேயே கறுப்புத் திராட்சையும் சர்க்கரையும் போட்டு ஊறவைத்த ரசம், எட்டு வருஷமாக தினமும் இரண்டு டம்ளர். கோயில் பூசையில் சாமியார் குடிக்கிறதை யாராவது சாராயம் என்பார்களா என்று அவளையே கேட்டார். வாரப் பத்திரிகையில் இதயத்துக்கு நல்லது என்று வேறு போட்டிருந்ததாம். டாக்டர் தங்கதுரை அதை ஏற்கவில்லை. ஒரு அளவு ஏறியிருந்தால் வேறு காரணம் தேடலாம், மூன்றும் சேர்ந்தால் குடிதான், நிறுத்துங்கள் என்றார். அவரே சபைச் செயலாளரும்கூட. அடுத்த சோதனையில் இறங்காவிட்டால் சபைத் தலைவர் தேர்தலில் உங்கள் பேருக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

"நிறுத்த முடியலம்மா. நீ நாப்பதுன்னு போட்டுக் குடுத்துடு. அகஸ்டினுக்கு நாடா கட்டிடறேன்."

மூன்று வருஷமாக அவள் கேட்டது அது ஒன்றைத்தான். ஊசியை மெதுவாக, ஆழமாக இறக்கினாள். அவர் முகம் சுளித்தார்.

"மொதல்ல கட்டுங்க முதலாளி. எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாயால சொல்லிட்டுக் கட்டுங்க. அப்புறம் வந்து ரிப்போர்ட்டு வாங்கிக்குங்க."

இரண்டு நாள் கழித்து, கல்லறைத் திருநாள் அன்று மெழுகுவத்தி ஏந்திய கூட்டத்துக்கு நடுவில் அவர் நின்றார். அகஸ்டின் குடிக்கிறவன் இல்லை, விசாரித்தபோது நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றார். சிலுவையில் நாடாவைக் கட்டும்போது முடிச்சு இரண்டு தடவை நழுவியது. ஜோஸ்பின் உதவிக்குப் போகவில்லை.

மறுநாள் காலை கம்ப்யூட்டரில் நாற்பது என்று அடித்தாள். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அகஸ்டினுக்கு இருபத்திரண்டு என்று சொன்னதும் இதே மெஷின்தான். இதைப் பொய்யாக்கினால் அதுவும் பொய்யாகிவிடும். அழித்துவிட்டு, மெஷின் காட்டிய நூற்றெண்பத்தாறை அடித்தாள். அதில் நியாயம் எவ்வளவு, வன்மம் எவ்வளவு என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. டாக்டருக்கு ஒரு பிரதியை அனுப்பிவிட்டு, வந்து நின்றவரிடம் இன்னொன்றை நீட்டினாள்.

அருளானந்தம் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"நாப்பதுன்னு சொன்னியேம்மா."

"நீங்கதான் சொன்னீங்க. நான் நாடாவ மட்டும்தான் சொன்னேன்."

"என்னைய ஊரு சிரிக்கும் ஜோஸ்பின்."

"அன்னிக்குக் கேட்டீங்களே முதலாளி, ரத்தம் வந்து சாட்சி சொல்லுமான்னு. சொல்லுது பாருங்க."

வாசலில் அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதே, அடுத்த டோக்கன் யார் என்று ஜோஸ்பின் குரல் கொடுத்தாள். கம்மாபுரத்துக் கிழவர் ஒருவர் பயந்து பயந்து கை நீட்டினார். அவருக்கு வலிக்கவே இல்லை.