பதினாறு வருஷமாக என் ப்ளாக்கின் அட்மின்

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவன். ஆனால் மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரைக்கும் எந்த அடுக்குமாடியில் தண்ணி மோட்டார் எரிந்தாலும் முதலில் என் நம்பரைத்தான் தேடுவார்கள். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு வாடகைக் கொட்டகையில் தனி ஆளாக மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் கடை போட்டு, பிறகு அந்த இடத்தையே வாங்கினவன். ப்ளாக்கும் எழுதுகிறேன், பதினாறு வருஷமாக. எரிந்த மோட்டாரைப் பற்றி, அதை எரியவிட்ட வீட்டுக்காரர்களைப் பற்றி. என் வயசில், என் படிப்பில், இந்த ஊரில் இப்படி இன்னொருத்தர் இருந்தால் காட்டுங்கள், டீ வாங்கித் தருகிறேன்.

போன மாதம் மருமகள் அதைத் தன் போனில் திறந்து பார்த்துவிட்டு, பச்சை மேல் மஞ்சள் எழுத்து கண்ணைக் குத்துகிறது, புதுசாக மாற்றித் தருகிறேன் என்றாள். அந்த நிறம் நானே தேர்ந்தெடுத்தது. இருந்தாலும் கம்ப்யூட்டர் வேலை தெரிந்த பெண், சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தவள் அரை மணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, இந்த ப்ளாக்குக்கு நீங்க ஓனர் இல்ல. உங்களுக்கு எழுத மட்டும்தான் அனுமதி. டிசைன் மாத்தணும்னா அட்மின் வேணும். அது வேற யாரோ."

அந்த யாரோ நினைத்தால் நான் எழுதின நானூற்றுச் சொச்சம் பதிவும் ஒரே அழுத்தில் காணாமல் போகும் என்றாள். என்னிடம் வேறு பிரதி கிடையாது. கையால் எழுதின நோட்டெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது.

யார் என்று கண்டுபிடிக்க ரொம்ப யோசிக்கவில்லை. ஆரம்பத்தில் எனக்கு டைப் அடிக்கத் தெரியாது. சைதாப்பேட்டை கோர்ட் பக்கத்தில் மனு டைப் அடித்துத் தரும் கடை நடத்தின ஒரு அம்மாவிடம் நோட்டில் எழுதிக் கொடுப்பேன். மனுக்களுக்கு நடுவில் என்னுடையதையும் அடித்து ஏற்றுவார். ப்ளாக்கைத் திறந்து கொடுத்ததே அவர்தான். நாலு வருஷம் அப்படி ஓடியது. பிறகு நான் கம்ப்யூட்டர் வாங்கி ஒற்றை விரலால் அடிக்கப் பழகினேன். இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். வீட்டிலிருந்தே எழுதுகிற மாதிரி ஏதோ செய்து கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதாக ஞாபகம் இல்லை. அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவும் இல்லை.

இப்போது போனால் அங்கே ஜூஸ் கடை இருக்கிறது. ஜூஸ் போடுகிறவர், அந்த அம்மா மேற்கு மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார் என்றார். வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. கோபத்தில் கொடுக்க மாட்டேன் என்று சொன்னால்? பாஸ்வேர்டே மறந்திருந்தால்?

அந்த அம்மா ஜெராக்ஸ் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி, "வாங்க பாய். ரெண்டு வாரமா புது மோட்டார் கதை ஒண்ணும் காணோமே?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். வாய் சும்மா இருக்குமா, இத்தனை வருஷத்தில் ஒருத்தன்கூட என் ப்ளாக்கில் மரியாதைக் குறைவாக கமெண்ட் போட்டதில்லை, அவ்வளவு பேர் எடுத்திருக்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்து, போனை என்னிடம் நீட்டினார்.

கமெண்ட்டெல்லாம் முதலில் அவருக்குத்தான் போகுமாம். தினமும் படித்து, நல்லதை மட்டும் உள்ளே விடுவாராம். நிறுத்தி வைத்ததில் சிலதைப் பார்த்தேன். மோட்டார் காயில் கட்டுகிறவனுக்கு எழுத்து எதற்கு என்று ஒருவர். தற்பெருமை தாங்கவில்லை என்று பல பேர்.

"ஏம்மா இந்த வேலையெல்லாம் உனக்கு?"

"நீங்க இத படிச்சா எழுதறத நிறுத்திடுவீங்க. அப்புறம் நான் இன்னாத்த படிக்கிறது?"

கடைக்கு வந்த ரெண்டு பேர் ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று காத்திருந்தேன். அப்புறம் சொன்னேன், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய நன்றியை. அவர் நின்ற இடத்திலேயே என்னை அட்மின் ஆக்கிவிட்டு, தான் விலகிக்கொண்டு, இனிமேல் திட்டெல்லாம் நேராக எனக்கே வரும் என்று எச்சரித்து அனுப்பினார். வரட்டும், நான் பார்க்காததா என்றேன்.

மறு வாரம் புது முகப்பு வந்தது. வெள்ளை மேல் கறுப்பு எழுத்து, போனிலும் நன்றாகத் தெரிகிறது. அன்று மத்தியானமே ஒரு கமெண்ட் என் அனுமதிக்குக் காத்திருந்தது: "டிசைன் மாறிடுச்சு, பெருமை மாறல." நாலு தடவை படித்தேன். மீன் குழம்புச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அட்மின் ரெண்டு பேர் இருக்கலாம் என்று மருமகள் சொன்னதும், அந்த அம்மாவுக்கு போன் போட்டேன். இந்த கமெண்ட் வேலையை மட்டும் மறுபடி நீயே பார்த்துக்கொள்ளம்மா என்று கேட்டேன். கேட்டேன் என்றால், கெஞ்சினேன்.

"பாத்துக்கறேன் பாய். ஆனா நியாயமா திட்டினா உள்ள விட்டுடுவேன்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? அந்த கமெண்ட்டைத்தான் முதலில் உள்ளே விட்டார். கீழே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.