கை நனைத்த ஆராய்ச்சியாளன்

போன ஞாயிற்றுக்கிழமை கூலாயில் ஒரு வீட்டில் என் மானம் கப்பலேறியது. ஏற்றிவிட்டவன் வேறு யாருமில்லை, என் சொந்த அண்ணன் மகன்.

பெயர் தினேஷ். ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறான். எதில் என்று கேளுங்கள் — மனிதர்கள் சக மனிதர்களோடு பழகும் திறமையை எப்படி வளர்த்துக்கொள்கிறார்கள் என்பதில்! பாலர் பள்ளிக்குப் போய், பிள்ளைகள் சறுக்குமரத்தில் வரிசை பிடிப்பதை வீடியோ எடுக்கிறான். ஃபுட் கோர்ட்டில் உட்கார்ந்துகொண்டு, யார் யார் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று கணக்கெடுக்கிறான். ஆனால் தெப்ராவில் அவன் குடியிருக்கும் அப்பார்ட்மெண்டில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன? அதுமட்டும் தெரியாது.

சரி, அது அவன் பாடு என்று விட்டிருக்கலாம். விட்டேனா? பையனுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, ஒரு பெண்ணைப் பார் என்று அண்ணி என் உயிரை எடுத்தார். நானும் தலையைக் கொடுத்தேன். என் பள்ளித் தோழி இந்திராணியின் மகள் புவனா. செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறாள். கெட்டிக்காரி, யார் வம்புக்கும் போகாதவள். இந்திராணி என்னை நம்பித்தான் எங்களைக் கூலாய் வீட்டுக்கு வரச் சொன்னாள்.

அண்ணன், அண்ணி, தினேஷ், நான் — நாலு பேரும் போனோம். டீ வந்தது. கேசரி வந்தது, உளுந்து வடை வந்தது. புவனா வந்து உட்கார்ந்தாள், பேசினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கிளம்பும் நேரம் இந்திராணி வழக்கப்படி, "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

இது என்ன வழக்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண் வீட்டுக்காரர்கள் கேட்கத்தான் வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மறுக்கத்தான் வேண்டும். பலகாரம் பரவாயில்லை, சோற்றில் மட்டும் கை வைக்கக்கூடாது. பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைத்தால், சம்மதம் என்று அர்த்தம். அண்ணனும் அழகாக, "இன்னொரு நாள் வந்து சாப்பிடுறோம்மா" என்று கை கூப்பிவிட்டார்.

அப்போதுதான் நம் ஆராய்ச்சியாளன் வாயைத் திறந்தான்.

"பரவால்ல ஆன்ட்டி, நான் சாப்பிடுறேன்."

நான் இருமினேன். அண்ணி முந்தானையைச் சரிசெய்வது போல் அவன் விலாவில் இடித்தார். அவன் நகர்ந்து உட்கார்ந்து அம்மாவுக்கு இடம் விட்டான்! அதற்குள் புவனாவின் அப்பா எழுந்துவிட்டார். பல வருடம் லோரி ஓட்டிய மனிதர், அதிகம் பேசாதவர். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. நேரே வந்து என் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த முருகனைப் பார்த்தேன்.

அடுப்படியில் அப்பளம் பொரியும் சத்தம் கேட்டது. அவசர அவசரமாகப் பாயாசம் தயாரானது. புவனாவே பரிமாறினாள். இவன் சாம்பாருக்குச் சாப்பிட்டு, ரசத்துக்கு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, பாயாசத்தையும் வழித்துக் குடித்தான்.

காரில் ஏறி செனாயைத் தாண்டினோம். பிறகு அண்ணி, அப்போ உனக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டதா என்று ஆசையாகக் கேட்டார். இன்னும் முடிவு பண்ணவில்லை என்றான். பின்னே ஏன்டா சாப்பிட்டாய்? கொடுக்கும் உணவை ஏற்றுக்கொண்டால் முதல் சந்திப்பிலேயே நம்பிக்கை வளருமாம். மறுத்தால் இடைவெளி விழுமாம். அவன் படித்த எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கிறதாம். நம்பிக்கை நன்றாகத்தான் வளர்த்துவிட்டு வந்திருந்தான், படுபாவி.

அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தி, வழக்கத்தை அவனுக்கு முதலிலிருந்து சொன்னார். இனி எந்த வீட்டில் சாப்பிடச் சொன்னாலும், "இன்னொரு நாள் வந்து சாப்பிடுறோம்" என்று சொல்ல வேண்டும், மனப்பாடம் பண்ணிக்கொள் என்றார். தினேஷும், "ஓ, இன்ட்ரஸ்டிங்" என்று தலையாட்டினான்.

இதற்குள் அங்கே என்ன நடந்திருக்கும்? மாப்பிள்ளை கை நனைத்துவிட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பாசிர் கூடாங் சித்தப்பா வீட்டுக்கும் சிங்கப்பூர் மாமா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் இந்திராணி எனக்குப் போன் பண்ணி எந்த மண்டபம் நல்லது என்று கேட்கிறாள். இங்கே இவனோ, இன்னும் சில தடவை சந்தித்துப் பேசினால்தான் முடிவெடுக்க முடியும் என்கிறான். இனி இவன் வேண்டாம் என்றால் யாருக்கு நட்டம்? இவனுக்கா? ‘சோறு சாப்பிட்டுப் போனவனே வேண்டாமென்று விட்டானாம், பெண்ணிடம் என்ன குறையோ’ என்று அந்தத் தாமானில் வீட்டுக்கு வீடு நாலு வாய் பேசும். அந்தப் பேச்சைச் சுமக்கப்போவது புவனா.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. இவன்மேல் மட்டுமில்லை, இவனை வளர்த்தவர்கள்மேலும்தான். மனிதர்களோடு பழக நாமெல்லாம் எங்கே கற்றோம்? வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, கல்யாண வீட்டில் அசட்டுத்தனமாக எதையாவது உளறி, தொடையில் கிள்ளு வாங்கிக் கற்றோம். இவன் எங்கே இருந்தான்? அறைக்குள்! விருந்தாளி வந்தால், "அவன் படிக்கிறான், தொந்தரவு பண்ணாதீங்க." சாவு வீட்டுக்கு வேண்டாம், பரீட்சை. கல்யாணத்துக்கு வேண்டாம், டியூஷன். மனிதர்கள் வந்தபோதெல்லாம் கதவைச் சாத்திப் படிக்க வைத்தோம். இப்போது கதவுக்கு வெளியே என்ன நடந்தது என்று ஆராய்ச்சி செய்யப் போயிருக்கிறான். அதற்கு உபகாரச் சம்பளம் வேறு...

புதன்கிழமை அவனை இழுத்துக்கொண்டு மறுபடி கூலாய்க்குப் போனேன். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் உன் வாயாலேயே சொல் என்றேன். வழி முழுக்க எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தான். கேட்டால், அடுத்தவர் மனத்தைப் புரிந்துகொண்டு பேசுவதற்கான வாக்கியங்களாம்!

போய் உட்கார்ந்ததும் புவனாவின் அப்பாவைப் பார்த்து, உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது என்று ஆரம்பித்தான். பிறகு சுற்றி வளைத்து, தெரியாமல் சாப்பிட்டதையும் இன்னும் முடிவெடுக்காததையும் சொல்லி முடித்தான். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். இந்திராணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

புவனாதான் பேசினாள். "ஒன்னே ஒன்னு கேக்குறேன். நீங்க சாப்பிட உட்கார்ந்தப்போ எங்க அப்பா முகத்தைப் பார்த்தீங்களா?"

தினேஷ் யோசித்தான். "இல்ல... கவனிக்கல."

"அப்ப சரி லா," என்றாள். குரல் உயரவே இல்லை. "யார் கேட்டாலும், பொண்ணுக்குப் பிடிக்கலன்னு சொல்லிக்கிறோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க. அது பொய்யும் இல்ல."

எனக்கு எழுந்து அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எந்த முகத்தோடு கட்டிக்கொள்வது?

கிளம்பினோம். இந்திராணி கேட் வரைக்கும் வந்தாள். நம் பெண்களின் வாய் இருக்கிறதே, பகையாளி வாசலில் நின்றாலும் அதுவாகச் சொல்லிவிடும். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தினேஷ் நிமிர்ந்து நின்றான். கண்ணைப் பார்த்து, கை கூப்பி, தெளிவாகச் சொன்னான்.

"இன்னொரு நாள் வந்து சாப்பிடுறோம் ஆன்ட்டி."

கேட் சாத்தப்பட்டது. கார் ஹைவேயில் ஏறியதும் என் பக்கம் திரும்பி, இந்தத் தடவை சரியாகச் சொன்னேன்தானே அத்தை என்று கேட்டான்.

நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் பழகக் கற்றுக்கொடுக்கப்போவது இவன்தான்... அலமாக்!