இன்னொரு தும்மல்

அன்றைக்கு அடுக்களையில் இருந்தவர்கள் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்காவான என் நங்கை. பிறகு வாசலில் வந்து நின்றவர், ஆர்.எஸ்.புரத்தில் பழக்கடை வைத்திருக்கும் அம்மா. அவ்வளவுதான். வேறு யாராவது இருந்திருந்தால் அவர்களும் தும்மியிருப்பார்கள்.

அந்த அம்மா கொய்யா, மாங்காய், வெள்ளரியையெல்லாம் நறுக்கிக் கிண்ணத்தில் போட்டு விற்கிறார். மேலே தூவ, எலுமிச்சைத் தோலும் மிளகும் சேர்த்து அரைத்த பொடி கேட்டிருந்தார். பொள்ளாச்சிக்குப் போகிற வழியில் கிணத்துக்கடவில் எங்கள் வீட்டுக்கு வந்து ருசி பார்ப்பதாகவும், பிடித்தால் மாதாமாதம் வாங்கிக்கொள்வதாகவும் பேச்சு. மில் வேலை நின்றதிலிருந்து என் கைக்கென்று ஒரு வருமானம் கிடையாது. அந்த 'மாதாமாதம்' என்ற சொல்லை நினைத்து நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

கவலைப்படுவதில் எனக்கு ஈடு யாருமில்லை. தோல் கசக்குமா, மழை வந்து நமுத்துப்போகுமா, அரைக்கிற நேரம் பார்த்துக் கரண்டு போகுமா. முதல் தடவை தோலை வெள்ளைச் சதையோடு சீவி வெயிலில் போட்டதில் கருத்துப்போய், வேப்பம்பட்டை மாதிரி கசந்தது. இந்தத் தடவை மஞ்சள் மட்டும் வருகிற மாதிரி மேலாகச் சீவி, காற்றாடிக்கடியில் நிழலிலேயே காயவைத்தேன். ஒடித்தால் நொறுங்கியது. கல்லுப்பை ஈரம் போக வறுத்து, மிளகுக்கு லேசாகச் சூடு காட்டி, எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு, விட்டு விட்டு ஓட்டினேன். அரைத்தபின் தூசி அடங்கும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. நங்கை திறந்துவிட்டார், வாசம் பார்க்க.

வீட்டுக்காரர் தும்மினார். ஒரே ஒரு தும்மல்.

காரியம் நடக்கும்போது ஒற்றைத் தும்மல் ஆகாது. இரட்டை என்றால் தோஷமில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்ததில் ஒற்றைப்படை, இரட்டைப்படை மட்டும் மறக்கவில்லை.

"ஏனுங்க, இன்னொன்னு தும்முங்க."

"வந்தாத்தான தும்மறதுக்கு? பைப்பா, தொறந்து உடறதுக்கு?"

ஜாடியை அவர் மூக்கருகில் கொண்டுபோனேன். கண்ணை மூடி, வாயைத் திறந்து, அண்ணாந்து நின்றார். தும்மியது நங்கை. அது கணக்கில் சேருமா என்று கேட்டேன்.

"கூடப் பொறந்தவ தும்முனா சேராம எங்க போகும் கண்ணு" என்றார். சொல்லி முடிக்குமுன் இன்னொன்று தும்மினார். மூன்று. நான் ஒன்று தும்மி, அப்பாடா நான்கு என்று மூச்சு விடுவதற்குள், வீட்டுக்காரருக்கு வராமல் நின்றது வந்துவிட்டது. நங்கை விரல்விட்டு எண்ணிக்கொண்டே தும்ம, மூன்று பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். தும்மல் எது, சிரிப்பு எது என்று பிரிக்க முடியவில்லை. கணக்கு எங்கேயோ போய்விட்டது.

அப்போது வாசலில் ஒரு தும்மல் கேட்டது. பழக்கடை அம்மா, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. ஒன்றே ஒன்று.

"இன்னொன்னு தும்மிப்போட்டு உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டேன். சண்டைக்கு வந்தவரைக்கூட முதலில் வாங்க என்று கூப்பிட்டுவிட்டு அப்புறம் சண்டை போடுகிற ஊர் எங்களுடையது. சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நிலையைப் பிடித்தபடி மூக்கைச் சுளித்து, எனக்காக மெனக்கெட்டு நின்றார். வரவில்லை. நங்கை கொய்யாத் துண்டுகளில் பொடியைத் தூவித் தட்டை வாசலுக்கே கொண்டுபோய் நீட்டினார். அவர் ஒன்றை வாயில் போட்டு மென்றார். கசந்து அந்த முகம் எங்கே சுருங்கிவிடுமோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சுருங்கியது. தும்மல்தான். தட்டிலிருந்த பொடியெல்லாம் அவர் சேலையில்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, இப்போது கடையில் தூவுகிற பொடிக்கு ஒரு குழந்தைகூடத் தும்மாது என்றார். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். அரைத்த அரைக் கிலோவையும் கட்டச் சொன்னார்.

நானூற்றைம்பது ரூபாய். அவர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். வீட்டுக்காரர் சட்டைப் பையில், அரிசி டப்பாவில், எங்கேயும் சில்லறை இல்லை. மாதாமாதம் பற்றி அவர் இன்னும் வாய் திறக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இருக்கட்டுங்கக்கா. அடுத்த மாசப் பொடியில கழிச்சுக்கலாமுங்க."

அடுத்த மாசம். நங்கை என் இடுப்பில் கிள்ளினார். வீட்டுக்காரருக்கு ஒன்றும் எட்டவில்லை. மீதியைப் போனிலேயே அனுப்பிவிடலாமே என்று போனை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்தவர் காசு ஒரு ரூபாய் வீட்டிலிருந்தாலும் தூக்கம் வராதவள் நான். இந்தக் கடனை நினைத்தால் மட்டும் அடுப்படியில் தனியாக நின்று சிரிக்கிறேன். அந்த அம்மாவுக்கு நான் தர வேண்டியது ஐம்பது ரூபாய்.